பள்ளி வாசலில் நின்றுவிடும் பெற்றோர்

வாசகர் கேள்வி – பதில்

ஆண்டு இறுதி விடுமுறை முடியும் வேளையிலும் ஜனவரியில் சிங்கப்பூர்ப் பள்ளிகள் திறந்த முதல் சில வாரங்களிலும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளைப் பற்றியவை. மகன் அழாமல் வகுப்புக்குள் போவானா, மகள் பள்ளி உணவகத்தில் தானே காசு கொடுத்துச் சாப்பாடு வாங்குவாளா, கழிவறைக்குப் போக ஆசிரியரிடம் கேட்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்பார்கள். அவற்றுக்குப் பலமுறை விடை எழுதியாயிற்று. இம்மாதம் வேறு வகைக் கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளை பள்ளியில் சேர்ந்தபின் தங்கள் மனத்துக்குள் என்ன நேர்ந்தது என்பதைத் தயக்கத்தோடு எழுதியவர்களின் கடிதங்கள் அவை. புதிதாகச் சேரும் பிள்ளைக்காகப் பள்ளிகள் அறிமுக நாள் நடத்துகின்றன. இடைவேளையில் அழைத்துச் செல்ல மூத்த மாணவர் ஒருவரைத் துணையாக்குகின்றன. பெற்றோருக்குக் கிடைப்பவையோ சீருடை, புத்தகப் பட்டியல், கட்டணம் பற்றிய குறிப்புகள்தாம். அவர்களுடைய வாழ்வும் அதே காலையில்தான் மாறுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை என்பதால், தமக்கு மட்டும் ஏதோ குறை இருப்பதாக எண்ணிப் பலர் ஒளித்துக்கொள்கிறார்கள். பெயர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கி, கடிதங்களைச் சுருக்கி வெளியிட்டிருக்கிறேன்.

கேள்வி: என் ஒரே மகன் இந்த ஜனவரியில் தொடக்கநிலை 1இல் சேர்ந்தான். அவன் பிறந்தபோது நான் வேலையை விட்டேன். பாலர் பள்ளிக்கு அவன் போனதுகூட நாளுக்கு நான்கு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் நாங்கள் இருவரும் ஒன்றாகவே இருந்தோம். தொடக்கப் பள்ளியின் முதல் நாளில் அவன் அழவில்லை, திரும்பிக்கூடப் பார்க்காமல் வரிசையில் நடந்து போனான். அழுதது நான்தான். இப்போதும் அவனை விட்டபிறகு பள்ளி வேலியோரமாகவே நின்று, இடைவேளையில் அவன் கண்ணில் படுகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். வீட்டில் எந்த வேலையும் ஓடுவதில்லை. "ஊரில் எல்லாரும்தான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், இதற்கா அழுகிறாய்?" என்கிறார் கணவர். "பெற்ற மனம் பித்து" என்று சிரிக்கிறார் மாமியார். எனக்கு என்ன ஆயிற்று?
– ஒரு தாய், பொங்கோல்

பதில்: நீங்கள் விவரித்திருப்பது நோயன்று. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நீங்கள் முழுநேரமாகச் செய்துவந்த ஒரு பொறுப்பு, யாரும் விடைகொடுக்காமல், ஒரே காலையில் பாதியாகக் குறைந்துவிட்டது. அவன் என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான், யார் அவனை வருத்தினார் என்பது உங்களுக்குத் தெரியாமல் போனதே இல்லை. இப்போது காலை ஏழரை மணியிலிருந்து பிற்பகல் ஒன்றரை மணி வரை உங்கள் பார்வைக்கு வெளியே அவனுக்கென்று ஒரு வாழ்க்கை நடக்கிறது. பேச்சுத்துணை போயிற்று, நாளின் ஒழுங்கு போயிற்று, 'என்னை விட்டால் இவனுக்கு யார்?' என்று உங்களைத் தாங்கி நின்ற எண்ணமும் ஆட்டம் கண்டுவிட்டது. இத்தனையும் ஒன்றாகப் போகும்போது கண்ணீர் வராமல் இருந்தால்தான் வியப்பு. அவன் திரும்பிப் பார்க்காமல் போனது உங்களை மிகவும் வருத்தியிருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. தாய்–பிள்ளைப் பிணைப்பை ஆராய்ந்த ஜான் போல்பி, மேரி ஐன்ஸ்வொர்த் ஆகியோர் வலியுறுத்திய கருத்து ஒன்றுண்டு: திரும்பி வந்தால் தாங்கிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது என்று உறுதியாக நம்பும் பிள்ளைதான் புதிய இடத்துக்குள் துணிந்து நடக்கும். அவன் அப்படி நடந்ததற்கு நீங்கள் கொடுத்த அந்த ஏழு ஆண்டுகளே காரணம்.

உங்கள் மாமியார் சொன்ன பழமொழிக்குப் 'பிள்ளை மனம் கல்லு' என்று இன்னொரு பாதியும் இருக்கிறது. இரண்டு பாதிகளையும் நான் ஏற்பதில்லை. உங்கள் மனம் பித்துப் பிடித்ததும் அன்று, அவன் மனம் கல்லும் அன்று. கணவரைப் பொறுத்தவரை, உங்கள் அழுகை நியாயமானது என்று அவரை ஒப்புக்கொள்ள வைக்கும் முயற்சியைக் கைவிடுங்கள். அந்த வாதம் முடியாது. அதற்குப் பதிலாக அவரால் செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். "இரவு அவன் தூங்கியபின் பத்து நிமிடம் நான் பேசுவதைக் கேளுங்கள், தீர்வு எதுவும் சொல்ல வேண்டாம்" என்பது தெளிவான வேண்டுகோள். பல கணவர்கள் மனைவியின் துயரத்தைத் தட்டிக்கழிப்பது அன்பில்லாமல் அன்று, என்ன செய்வதென்று தெரியாமல்தான்.

வேலியோரம் நிற்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1985இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேசைமீது தவழ விட்டார்கள். கண்ணாடிக்குக் கீழே, பாதி வழியில் தரை இறங்கிப் பள்ளமாவதுபோல் தெரியும். எதிர்ப்பக்கத்தில் தாய் நிற்பார். குழந்தைகள் பள்ளத்தின் விளிம்பில் நின்று தாயின் முகத்தைப் பார்த்தன. தாய் மகிழ்ச்சியான முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 கடந்து வந்தன. தாய் அச்ச முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. உங்கள் மகன் அந்த வயதைக் கடந்தவன்தான். ஆனாலும் புதிய இடம் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு விடையைப் பெற்றோரின் முகத்தில் தேடும் வழக்கம் இந்த வயதில் விட்டுப்போவதில்லை. இடைவேளையில் நண்பர்களோடு உட்கார்ந்திருப்பவன் வேலிக்கு அப்பால் கலங்கிய கண்களோடு அம்மா நிற்பதைக் கண்டால், இங்கே அஞ்சத்தக்கது ஏதோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வான். அதைவிட மோசமாக, அம்மா வீட்டில் தனியாக நன்றாக இல்லை என்று முடிவு செய்துவிடுவான். காலையில் வயிறு வலிக்கிறது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட முயலும் பிள்ளைகளில் சிலர், உண்மையில் தாயைக் காவல் காப்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

ஆகவே வேலியிலிருந்து படிப்படியாக விலகுங்கள். முதல் வாரம் காலைக் கூட்டத்தில் தேசிய கீதமும் உறுதிமொழியும் முடியும்வரை நில்லுங்கள். அடுத்த வாரம் வாசலிலேயே கையசைத்துவிட்டுக் கிளம்புங்கள். விடைபெறும் சொற்கள் தினமும் ஒன்றாகவே, சுருக்கமாக இருக்கட்டும். உங்கள் வருத்தத்தை அவனிடமிருந்து முழுவதும் மறைக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம் அது மறையாது. "வீட்டுக்குப் போனால் அம்மாவுக்கு உன் நினைவு வரும். நீ இங்கே நன்றாக இருப்பாய் என்றும் அம்மாவுக்குத் தெரியும்" என்று சொல்லலாம். "நீ இல்லாமல் அம்மா அழுதுகொண்டே இருந்தேன்" என்று சொல்லக் கூடாது. முன்னது உண்மையைச் சொல்கிறது; பின்னது உங்களைத் தேற்றும் பொறுப்பை அவன் தோளில் ஏற்றுகிறது.

அவன் வெளியே வந்ததும் நடக்கும் விசாரணையையும் கவனியுங்கள். ஆறு மணி நேரமாக நீங்கள் அறியாதவற்றையெல்லாம் ஆறு நிமிடத்தில் அறிந்துகொள்ளத் துடிப்பது இயல்பு. அவனோ அத்தனை நேரமும் வரிசையில் நின்று, கை தூக்கிப் பேசி, தன்னை அடக்கிக்கொண்டு களைத்து வருகிறான். பள்ளியில் ஒழுங்காக இருந்த பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டியதும் சிறிய காரணத்துக்குக் கத்தி அழுவது இந்த மாதங்களில் மிகவும் சாதாரணம். அதைப் பள்ளியில் ஏதோ நேர்ந்துவிட்டதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் சாப்பிடட்டும். கேள்வி ஒன்றே ஒன்று போதும், அதுவும் குறிப்பானதாக: "இன்று இடைவேளையில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?" உங்களுக்கு ஆறுதல் தேவைப்பட்டால் அதை ஆசிரியரிடம் கேளுங்கள். தொடக்கநிலை 1இல் வகுப்புக்கு ஏறத்தாழ 30 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால், 'மகன் எப்படி இருக்கிறான்?' என்று வாரந்தோறும் கேட்பது ஆசிரியருக்குச் சுமை. மூன்று வாரம் கழித்து, 'இடைவேளையில் அவனுக்கு விளையாட்டுத் துணை இருக்கிறதா?' என்று ஒருமுறை கேட்டால் அவரால் தெளிவாகப் பதில் சொல்ல முடியும்.

அந்த ஆறு மணி நேரத்தை என்ன செய்வது? இதில் என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். அந்த நேரத்தை அவனுக்கான பயிற்சிப் புத்தகங்களைத் தேடுவதிலும், துணைப்பாட வகுப்புகளை விசாரிப்பதிலும் செலவிடாதீர்கள். தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகள் 2019 முதல் கிடையாது. கல்வி அமைச்சு அவற்றை நீக்கியதன் நோக்கமே பிள்ளைகள் பள்ளிக்குப் பழக அவகாசம் தருவதுதான். அந்த அவகாசத்தை வீட்டில் நாமே பறித்துவிடக் கூடாது. வேலையற்ற கையும் கவலை நிறைந்த மனமும் சேர்ந்தால் அவை பிள்ளையின் புத்தகப் பையைத்தான் கனமாக்குகின்றன. இதை நான் பல வீடுகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

உடனே வேலை தேட வேண்டும் என்பதும் இல்லை. முதலில், மனிதர்கள் நடமாடும் ஓர் இடத்துக்கு வாரத்தில் இரண்டு காலைகள் போய்வாருங்கள். உங்கள் வட்டாரத்திலேயே 2023இல் திறக்கப்பட்ட பொங்கோல் வட்டார நூலகம் இருக்கிறது. வீட்டின் அமைதி உங்களை அழுத்தும்போது அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் விரும்பியதைப் படிப்பது பெரிய மாற்றம். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்று 25 வயதைக் கடந்தவர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்னும் அரசுத் திறன்பயிற்சித் திட்டத்தின் தொடக்கத் தொகையாக 500 வெள்ளி வழங்கப்பட்டிருக்கிறது. நீங்கள் அதைத் தொடாமலே வைத்திருந்தால் ஒரு சிறு வகுப்பில் சேரப் பயன்படுத்தலாம். எந்த வகுப்பு என்பது முக்கியமன்று. உங்களை 'இன்னாருடைய அம்மா' என்று அழைக்காமல் உங்கள் பெயரைச் சொல்லி அழைப்பவர்கள் அங்கே இருப்பார்கள்.

ஒன்றை மட்டும் கண்காணியுங்கள். இந்தத் துயரம் நாளாக நாளாகக் குறைய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருந்தாலோ, தூக்கமும் பசியும் கெட்டுப்போனாலோ, முன்பு பிடித்தவை எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ, அது பிரிவின் வருத்தத்தைத் தாண்டிய ஒன்றாக இருக்கலாம். பலதுறை மருந்தக மருத்துவரிடமோ வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்திலோ தயங்காமல் பேசுங்கள். தேசிய மனநல உதவி எண் 1771ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் அந்தக் கணமே தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767ஐ அழையுங்கள்.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து கணவரின் வேலை காரணமாக இங்கு வந்தோம்; இப்போது நிரந்தரவாசிகள். மகள் தொடக்கநிலை 1 படிக்கிறாள். எனக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், பேச வராது. பள்ளி விடும் நேரத்தில் மற்ற பெற்றோர்கள் கூட்டம் கூட்டமாக நின்று பேசுகிறார்கள். நான் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் ஓரமாக நிற்பேன். வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் ஏராளமான செய்திகள் வருகின்றன. ஒன்றுக்கும் நான் பதில் எழுதியதில்லை. சென்ற மாதம் ஒரு பிறந்தநாள் விருந்துக்கு என் மகளை அழைக்கவில்லை. என்னால் அவளுக்கும் நட்பு இல்லாமல் போய்விடுமோ?
– ஒரு தாய், சுவா சூ காங்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, முதலில் அவற்றைப் பிரித்துப் பார்ப்போம். மகளுக்கு நட்பு கிடைக்குமா என்பது ஒன்று. உங்களுக்கு நட்பு இல்லை என்பது மற்றொன்று. ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் பக்கத்து நாற்காலியில் இருப்பவரோடும், ஓடிப் பிடித்து விளையாட வருபவரோடும் நட்பாகிவிடுகிறார்கள். தாய்மார்கள் பேசிக்கொள்கிறார்களா என்று பார்ப்பதில்லை. பிறந்தநாள் விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒரே பாலர் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளாக இருப்பார்கள். வாசலில் கூட்டமாக நிற்பவர்களும் அப்படித்தான், பலர் முன்பே அறிமுகமானவர்கள். அவர்கள் உங்களை ஒதுக்குவதாக நீங்கள் எண்ணுகிறீர்கள். கைப்பேசியில் ஆழ்ந்திருக்கும் உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று அவர்கள் எண்ணியிருக்கவும் கூடும்.

எனவே உங்கள் தனிமையை அதற்குரிய மதிப்போடு கவனிப்போம். ஒரு கூட்டத்துக்குள் நுழைவது யாருக்கும் கடினம், ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர்களுக்கும்கூட. ஒருவரோடு பேசுவது அவ்வளவு கடினமன்று. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நில்லுங்கள். கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். தனியாக நிற்பவர் வேறு யார் என்று பாருங்கள். பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் சீனப் பாட்டியோ மலாய்த் தாத்தாவோ, பிள்ளையை அழைக்க வந்த பணிப்பெண்ணோ இருப்பார். அவர்களில் பலருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். முதல் உரையாடலுக்குச் சிறு உதவி ஒன்றைக் கேட்பது நல்ல வழி. நாளைய ஸ்பெல்லிங் எந்தப் பட்டியல், வெள்ளிக்கிழமை உடற்பயிற்சி உடை போட வேண்டுமா என்பன போன்ற கேள்விகளுக்கு நான்கைந்து சொற்கள் போதும். இங்கே பள்ளி வாசலில் பேசப்படும் ஆங்கிலத்தில் யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. சிறு உதவி செய்தவர் மறுநாள் உங்களைப் பார்த்துத் தலையசைப்பார். பழக்கம் அங்கே தொடங்குகிறது.

மகளிடம் அவளுக்குப் பிடித்த ஒரு பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். அந்தப் பிள்ளையை அழைக்க வருபவரிடம், 'உங்கள் மகளைப் பற்றி என் மகள் சொல்கிறாள்' என்று சொல்லுங்கள். இதைக் கேட்டு முகம் மலராத பெற்றோரை நான் கண்டதில்லை. விருந்து வைத்து வகுப்பு முழுவதையும் அழைக்க வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை மாலை உங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் விளையாட்டுத் திடலுக்கு அந்த ஒரு பிள்ளையை அழைத்தால் போதும்.

தமிழ் வகுப்பை மறந்துவிடாதீர்கள். பல வகுப்புகளில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் பாடவேளையில் ஒன்றுசேர்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் யார் என்று மகள் மூலமாகவே தெரிந்துகொள்ளலாம். பெற்றோர்–ஆசிரியர் சந்திப்பில் தமிழாசிரியரிடம் உங்கள் கவலையை உங்கள் மொழியிலேயே முழுமையாகச் சொல்ல முடியும். மகள் பிறரோடு எப்படிப் பழகுகிறாள் என்பதை அவரும் பார்க்கிறார். 1991இல் தொடங்கப்பட்ட, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் பெற்றோருக்கான நிகழ்ச்சிகளையும் குடும்பச் சேவைகளையும் நடத்துகிறது. அங்கே உங்களைப்போலவே புதிதாக வேரூன்ற முயல்பவர்களைச் சந்திப்பீர்கள்.

பெற்றோர் ஆதரவுக் குழுவில் சேர்வதையும் எண்ணிப் பாருங்கள். கூட்டங்களில் பேச வேண்டியிருக்குமே என்ற அச்சம் உங்களுக்கு இருக்கும். ஆனால் அக்குழுக்களில் பேச்சைவிடக் கைவேலைதான் அதிகம். ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்கும் தீபாவளிக்கும் கோலம் போடவும், சேலை கட்டிவிடவும், பலகாரம் பற்றிப் பிள்ளைகளுக்குக் காட்டவும் தெரிந்தவரைப் பல பள்ளிகள் தேடுகின்றன. அருகருகே உட்கார்ந்து ஒரு வேலையைச் செய்யும்போது மொழியின் கூச்சம் குறைந்துவிடும். வாட்ஸ்அப் குழுவைப் பொறுத்தவரை, பள்ளியின் அதிகாரபூர்வ அறிவிப்புகள் 2019 முதல் புழக்கத்தில் உள்ள பேரன்ட்ஸ் கேட்வே செயலியில் வந்துவிடும். ஆகவே குழுவின் ஒலியை அடைத்துவிட்டு, நாளுக்கு ஒருமுறை மட்டும் பாருங்கள். எதையும் இழந்துவிட மாட்டீர்கள். மற்றப் பெற்றோர்முன் மகளோடு தமிழில் பேசக் குரலைத் தாழ்த்துபவராக இருந்தால், அதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அம்மா எதற்காகக் கூசுகிறாள் என்பதைப் பிள்ளை மிக விரைவில் கற்றுக்கொள்கிறது.

கேள்வி: துவாஸில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது நான் வேலையில் இருப்பேன், அல்லது தூங்கிக்கொண்டிருப்பேன். அவளுடைய ஆசிரியர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எல்லாம் மனைவிக்குத்தான் தெரியும். முதல் நாள் அவள் சீருடையில் நிற்கும் படத்தைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். ஆண்பிள்ளை இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா?
– ஒரு தந்தை, ஜூரோங் வெஸ்ட்

பதில்: சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும், முதலில் உங்கள் மனைவியிடம். 'நீங்கள் அக்கறை காட்டுவதில்லை' என்று அவர் மனத்தாங்கலோடு இருக்கக்கூடும். நீங்களோ வெளியே நிறுத்தப்பட்டதாக வருந்துகிறீர்கள். இருவரும் ஒரே குறையை இரு பக்கத்திலிருந்து அனுபவிக்கிறீர்கள்.

அடுத்து, விடுப்பைக் கணக்கிட்டுச் செலவழியுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமையுள்ள ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால், தகுதி பெறும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பிள்ளைக்கு 7 முதல் 12 வயது வரை அது 2 நாளாகக் குறைகிறது. பள்ளி தொடங்கும் பருவத்திலேயே விடுப்பு சுருங்குகிறது என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை, ஆனால் நடைமுறை அதுதான். அந்த நாள்களை மருத்துவரிடம் போவதற்கு மட்டும் ஒதுக்காமல், ஒரு நாளைப் பெற்றோர்–ஆசிரியர் சந்திப்புக்கென்று வையுங்கள். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான கோரிக்கைகளை முதலாளிகள் முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்ற முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள்) வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. ஷிப்ட் வேலையில் எல்லாம் கிடைத்துவிடாது. மாதத்தில் ஒரு காலை நேர ஷிப்டை மாற்றித் தரக் கேட்பது நியாயமான கோரிக்கை, எழுத்து வடிவில் கேளுங்கள்.

மற்றபடி, அவளுடைய பள்ளி வாழ்க்கையில் ஒரு வேலையை முழுவதுமாக உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். ஓய்வு நாள்களில் பள்ளிக்கு அழைத்துப் போவது உங்கள் பொறுப்பாகட்டும். பென்சில் பெட்டியில் எழுதுகோல்களைச் சீவி அடுக்குவதோ, இரவு வேலைக்குப் புறப்படுமுன் அதற்குள் இரண்டு வரி எழுதி வைப்பதோ ஆகட்டும். ஆசிரியர் பெயரை மனைவியிடம் கேட்காதீர்கள், மகளிடம் கேளுங்கள். அப்பாவுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்பதைக் காண்பீர்கள்.

கேள்வி: மகப்பேற்று விடுப்பு முடிந்து, நான்கு மாதக் குழந்தையைச் சிசுப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். அவள் ஆசிரியையைக் கண்டதும் சிரிக்கிறாள். எனக்கு நெஞ்சு அடைக்கிறது. என்னை மறந்துவிடுவாளா?
– ஒரு தாய், செங்காங்

பதில்: மறக்க மாட்டாள். குழந்தையால் ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் பாசம் வைக்க முடியும். நம் கூட்டுக் குடும்பங்களில் பாட்டியும் அத்தையும் தூக்கி வளர்த்த பிள்ளைகள் அம்மாவை மறந்ததில்லை. அமெரிக்காவில் 1991இல் தொடங்கி 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, பராமரிப்பு நிலையத்தில் விடுவது ஒன்றே தாய்–சேய்ப் பிணைப்பைக் குலைப்பதில்லை என்று கண்டது. குழந்தையின் குறிப்பறிந்து தாய் நடந்துகொள்ளும் விதமே அந்தப் பிணைப்போடு அதிகம் தொடர்புடையதாக இருந்தது. ஆசிரியையிடம் அவள் சிரிப்பது அவர் அவளை நன்றாகக் கவனிக்கிறார் என்பதற்கான அறிகுறி. அந்தச் சிரிப்பு இல்லாதிருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்பைப் பற்றவைக்காமல், அரை மணி நேரம் அவளோடு தரையில் உட்காருங்கள். சமையல் தாமதமானால் ஆகட்டும், கணவர் செய்யட்டும், அல்லது கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலக வேளையில் நிலையத்தைத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் அழைப்பதைவிட, காலையில் ஒப்படைக்கும்போது இரவு எப்படித் தூங்கினாள், எப்போது பால் குடித்தாள் என்று ஆசிரியையிடம் நிதானமாகச் சொல்வது உங்கள் மனத்தையும் அமைதிப்படுத்தும், அவருக்கும் உதவும்.

கேள்வி: மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால் பேரனைப் பிறந்ததிலிருந்து நான்தான் வளர்த்தேன். இப்போது பள்ளி முடிந்ததும் அங்கேயே உள்ள மாணவர் பராமரிப்பு நிலையத்தில் மாலை வரை இருக்கிறான். "இனி நீங்கள் ஓய்வெடுங்கள் அத்தை" என்றாள் மருமகள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். ஆனால் பகலெல்லாம் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. நான் பெற்ற தாயில்லையே, எனக்கு அழ உரிமை உண்டா?
– ஒரு பாட்டி, ஈசூன்

பதில்: அம்மா, வளர்த்தவருக்கு அந்த உரிமை நிச்சயமாக உண்டு. பொங்கோல் தாய்க்கு நான் எழுதியவை அனைத்தும் உங்களுக்கும் பொருந்தும். உங்கள் நிலையில் கூடுதலான ஒரு வலியும் இருக்கிறது. முடிவு எடுத்தபோது உங்களைக் கேட்கவில்லை. ஓய்வு என்று சொல்லப்பட்டது உங்கள் காதில் 'இனி நீங்கள் தேவையில்லை' என்று விழுந்திருக்கிறது. மருமகள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்பதை நீங்களே அறிந்திருக்கிறீர்கள் என்பதால், அவரிடம் நேரடியாகக் கேட்கும் துணிவு உங்களுக்கு வரும் என்று நம்புகிறேன். குறை சொல்ல வேண்டாம், ஒரு நாளைக் கேளுங்கள். "வாரத்தில் புதன்கிழமை அவனை நானே பள்ளியிலிருந்து அழைத்து வருகிறேன், அன்று பராமரிப்பு நிலையம் வேண்டாம்" என்று சொல்லுங்கள். நாள் குறிக்கப்பட்டுவிட்டால் மற்ற நாள்களின் காத்திருப்புக்கு ஓர் எல்லை வந்துவிடும்.

60 வயதைக் கடந்தவர்களுக்காக வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) குடியிருப்பு வட்டாரங்களில் துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் நடக்கின்றன. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், அண்டை வீட்டில் இருக்கும் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு ஒரு காலை உடற்பயிற்சிக்குப் போய்ப் பாருங்கள். பேரனை வளர்த்து முடித்த பாட்டிகள் அங்கே நிறையப் பேர் இருப்பார்கள்.

இதைப் படிக்கும் மகன்களுக்கும் மருமகள்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே அழைத்துச் செல்ல அனுமதிபெற்றவர்களின் பட்டியலில் பாட்டியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பள்ளியிடமும் பராமரிப்பு நிலையத்திடமும் இந்த வாரமே பதிவு செய்துவையுங்கள். பள்ளி இசை நிகழ்ச்சி, விளையாட்டு நாள் ஆகியவற்றுக்கு அழைப்பு வரும்போது, இடம் இருந்தால் அவருக்கும் ஓர் இருக்கை கேளுங்கள்.